அன்னமும் ஆகுதியும்

அன்னத்தை அக்கினியில் இடுவது பாவமா என்று கேட்டால், வேள்வித்தீயில் நெய்யும் தானியமும் சொரிந்த மரபில் வந்தவர்கள் சட்டென்று ஆமென்று சொல்லிவிட இயலாது. ஆயினும் 2020 ஏப்ரலில், ஊரடங்கினால் பிழைப்பிழந்த கூலி ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு சொந்த ஊர்களை நோக்கி நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே, இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் மிகுந்திருந்த அரிசியைக் கைச் சுத்திகரிப்புத் திரவத்துக்கும் பெட்ரோலில் கலப்பதற்கும் வேண்டிய எத்தனாலாக வடிக்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தபோது, அந்தப் பழைய கேள்வி வேறு கோலத்தில் வந்து நின்றது.

அனுமதித்தவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளுவது நியாயமாகாது. பெட்ரோலை எரித்தால், பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் புதைந்து கிடந்த கரி வாயுமண்டலத்தில் புதிதாகச் சேர்கிறது. எத்தனாலை எரித்தாலோ, சென்ற பருவத்தில் பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியே காற்றுக்குத் திரும்புகிறது. ஆகவே வரவும் செலவும் நேர் என்பது அவர்கள் கட்சி. உரமும் டீசல் பம்பும் வடிசாலைக் கொதிகலனும் அந்தக் கணக்கில் துண்டு விழச் செய்கின்றன. நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து எழும் மீத்தேன் துண்டைப் பெரிதாக்குகிறது. எனினும், இன்னும் பிறவாத சந்ததிகளுக்கு வெப்பம் தணிந்த உலகத்தை விட்டுச் செல்ல வேண்டும் என்ற நோக்கம் தர்மத்துக்குப் புறம்பானதன்று.

ஆனால், ஒரு டன் அரிசியில் ஏறக்குறைய 450 லிட்டர் எத்தனால்தான் கிடைக்கும். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலை 40 லிட்டர் பிடிக்கும் காரில் ஒருமுறை நிரப்பும்போது, அதிலுள்ள 8 லிட்டரும் அரிசியிலிருந்து வடித்ததென்று கொண்டால், சுமார் 18 கிலோ அரிசி அதில் அடங்கியிருக்கிறது; ஆளுக்கு மாதம் 5 கிலோ என்ற மத்திய அரசின் ரேஷன் கணக்குப்படி அது மூவருக்கு மேற்பட்டவர்களின் ஒரு மாத அன்னம். கரும்பும் மக்காச்சோளமுமே இன்று பெரும்பங்கு என்பார்கள். மக்காச்சோளம் வடிசாலைக்குத் திரும்பியதில் தீவன விலை ஏறிக் கோழிப்பண்ணைக்காரர்கள் பட்ட பாட்டை நாமக்கல்லில் கேட்டுக்கொள்ளலாம்.

வடலூரில் 1867-இல் தருமசாலை நிறுவி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பசியையே நெருப்பாகக் கண்டு, ஏழையின் உடம்பினுள் எரியும் அந்த நெருப்பை ஆகாரத்தால் அவிப்பதே ஜீவகாருண்யம் என்று அவர் வகுத்தார். அங்கே விறகு எரிந்து சோறாகிறது. இங்கே சோறாக வேண்டியது எரிந்து வேகமாகிறது.

வேள்வியும் அன்னத்தை எரிக்கவில்லையா என்றால், எரித்தது. ஆனால் எரித்தவன் தன் பொருளை இட்டான், இட்ட கணமே அது தன்னுடையதன்று என்று கைவிட்டான். அந்தத் தியாகபுத்தியினால்தான் அது ஆகுதியாயிற்று. (உயிர்ப்பலியைப் புத்தரும் சமணரும் கண்டித்ததில், தனக்குரியதல்லாத ஒன்றை ஒருவன் கொடுக்கத் துணிகிறான் என்ற ஆட்சேபமும் அடங்கியிருந்ததாகவே நான் கருதுகிறேன்.) எத்தனால் கலந்த பெட்ரோலில் காரோட்டுகிறவன் எதைக் கைவிடுகிறான்? மைலேஜ் சற்றுக் குறைகிறதென்று முணுமுணுப்பதைத் தவிர அவன் தூரமும் குறையவில்லை, வேகமும் குறையவில்லை.

2022-இல் பானிப்பட்டில் திறக்கப்பட்ட ஆலையைப்போல், வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு எனக்கு ஆட்சேபமில்லை. கெட்டுப்போன தானியத்துக்கும் அப்படியே. உண்ணத்தகுந்த அரிசியின் சங்கதி வேறு. 2023 ஜூலையில் விலை ஏறியபோது அதை வடிசாலைகளுக்குக் கொடுப்பதை உணவுக் கழகம் நிறுத்தியது. மறு ஆண்டில் மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. நிறுத்தியதற்கும் தொடங்கியதற்கும் விலையும் கையிருப்பும் காரணமாயிருந்தன. காரோட்டுகிறவன் எவ்வளவு தூரம் ஓட்டத்தான் வேண்டும் என்ற விசாரம் இரண்டு உத்தரவுகளிலும் இடம்பெறவில்லை.