இடையில் ஓர் இரவு

பெரும் பாவங்களுக்கு அஞ்சுகிறவர்களும் சிறு உரிமை மீறல்களை மீறல்களாகவே எண்ணுவதில்லை. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன் என்பதை ஒரு ரயில் பயணம் எனக்கு உணர்த்திற்று.

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் சென்றபோது, திரும்புவதற்கும் சேர்த்தே சீட்டு எடுத்திருந்தேன். சென்னையை விட்டுப் புறப்படும் நாளில், எனக்கு அரபி இலக்கணம் கற்பித்த உஸ்தாத் அவர்கள் மதுரையில் நோயுற்றிருப்பதாகச் செய்தி கிடைத்தது. வரும் வழியில் மதுரையில் இறங்கி, அன்று பகலும் இரவும் அவர்கள் அருகில் இருந்தேன். மறுநாள் காலை அதே சீட்டுடன் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். பரிசோதகர் எவரும் வரவில்லை.

சில வாரங்களுக்குப் பின், ரயில்வேயில் பணியாற்றும் உறவினர் ஒருவர் விதியை எடுத்துரைத்தார். 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணச்சீட்டு உடையவர் இடையில் ஒருமுறை இறங்கித் தங்கலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டதாயின் இருமுறை. வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 2 நாட்கள் தங்க அனுமதி உண்டு. இறங்கிய நிலையத்தில் சீட்டில் குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்த பிறகே முதன்முறை இறங்கலாம். சென்னையிலிருந்து மதுரை அந்தத் தொலைவுக்குச் சில கிலோமீட்டரே குறைவு. அடுத்துள்ள விருதுநகரில் இறங்கியிருந்தால் என் பயணம் முறையானதாகியிருக்கும். மதுரையில் இறங்கியதால், மீதித் தொலைவுக்கு அச்சீட்டு செல்லாததாயிற்று.

'இந்தச் சில கிலோமீட்டருக்காகவா இவ்வளவும்?' என்றே முதலில் என் மனம் வாதாடிற்று. அந்த வாதத்தை வாயடைக்கச் செய்தது நான் அன்றாடம் கற்பிக்கும் ஃபிக்ஹுப் பாடமே. முஸாஃபிர் தொழுகையைச் சுருக்கித் தொழ, ஷாஃபிஈ மத்ஹபில் 2 மர்ஹலாத் தொலைவு, அதாவது 16 ஃபர்ஸக் வேண்டும். அதற்குச் சற்றே குறைந்த தொலைவு செல்பவர் எவ்வளவு களைத்திருந்தாலும் நான்கு ரக்அத்தும் தொழுதாக வேண்டும். ஓரூரில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 முழு நாட்கள் தங்க நாடினால் அச்சலுகை நீங்கிவிடும். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் என்பது அளவு. ரயில்வேயும் நம் ஃபுகஹாக்களும் நாட்களைக் கணக்கிடும் முறை ஒத்திருப்பதைக் கண்டு வியந்தேன். சலுகை என்றால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். எல்லையை எங்கே வகுத்தாலும் அதற்குச் சற்று வெளியே நிற்பவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார். தொழுகையில் அவ்வெல்லையை முகங்கோணாமல் ஏற்கும் நாம், கட்டணத்தில் மட்டும் ஏன் முணுமுணுக்கிறோம்?

இதனை ஒரு மாணவரிடம் சொன்னபோது அவர் மறுப்பு எழுப்பினார். "திருநெல்வேலி வரை கட்டணம் செலுத்தியிருக்கிறீர்கள். உங்கள் இடம் மதுரையிலிருந்து காலியாகவே ஓடியிருக்கும். நோயாளியை நலம் விசாரிப்பதோ நற்செயல். இதில் யாருக்கு நட்டம்?" என்றார்.

நல்ல கேள்விதான். ஆனால் நான் வாங்கியது தொடர்ந்து செல்லும் பயணத்தை. தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும் வகையில் ரயில் கட்டணம் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கும் தனித்தனியே சீட்டு எடுத்திருந்தால் கூடுதலாகச் செலுத்தியிருப்பேன். அந்த வேறுபாட்டுத் தொகை எனக்குரியதன்று. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு பணிக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம், எதிர்த்தரப்பார் விழித்திருக்கும்போது மட்டும் என்று வரையறுக்கவில்லை.

நற்செயலுக்காக இறங்கினேன் என்பதும் கடனை அழிக்காது. நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை இல்லாமலாக்காது என்பது, உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லாவிலும் இடம்பெற்றுள்ள ஒரு விதி. பசியால் உயிர் போகும் நிலையில் பிறர் ரொட்டியை உண்டவனும் பின்னர் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும். விதியை நான் அறிந்திருக்கவில்லை என்பதும் அத்தகையதே. அறியாமை குற்றத்தை நீக்கலாம். ஈட்டைக் கொடுக்கும் பொறுப்பை நீக்குவதில்லை.

தனியொருவரின் பொருளை எடுத்தவன் அவரிடம் சென்று பொறுத்துக்கொள்ளுமாறு கேட்கலாம். பொதுச் சொத்திலிருந்து எடுத்தவன் யாரிடம் செல்வான்? கோடிக்கணக்கான உரிமையாளர்களில் எத்தனை வீட்டு வாசலில் நிற்பான்? ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) கைபரிலிருந்து திரும்பும் வழியில், நபி (ஸல்) அவர்களின் வாகனச் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சுவர்க்கம் கிடைத்ததென்று மக்கள் வாழ்த்தினர். பங்கிடப்படும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறதென நபியவர்கள் அறிவித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒரு செருப்பு வாரின் விலை என்ன? பங்கிடப்படாத பொருளாக இருந்ததுதான் அதன் கனம்.

எனவே ஒரு நாள் நிலையத்துக்குச் சென்று, மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கான கட்டணத்திற்கு ஒரு சீட்டு வாங்கினேன். பயணம் செய்யாமலேயே அதைக் கிழித்துவிட்டேன். பொருளைத் திருப்பிச் சேர்க்க எனக்குத் தெரிந்த வழி அதுவே. அருகில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் மாணவரும், "இது மிகையல்லவா?" என்றுதான் கேட்டார்.

மிகையாக இருக்கலாம். ஆனால் பள்ளிவாசல் உண்டியலில் குறைந்திருந்தால் நாம் பொறுக்கமாட்டோம். அதே அளவு தொகை அரசாங்கத்தினுடையதாகிவிட்டால் நம் மனம் தளர்ந்துகொடுக்கிறது. அந்தத் தளர்ச்சிக்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

அல்லாஹ் மிக அறிந்தவன்.