வேட்டையாடுவோனின் மறதி

வலியோனை எளியோன் ஏமாற்றித் தப்பும் கதையைக் கேட்டு முகம் மலராதார் அரியர். சிங்கத்தை வென்ற முயலும், முதலையை வென்ற குரங்கும், பூனையை வென்ற எலியும் எந்த நாட்டுக் குழந்தைக்கும் உறவினர். இக்கதைகளில் இரையாக வேண்டியது பிழைத்துக்கொள்கிறது. இரைதேடி வந்தது வெட்கித் திரும்புகிறது. கேட்போர் மனமும் ஒருவகை நிறைவு எய்துகிறது. அந்நிறைவு அறத்தின்பாற்பட்டதா, அன்றி அறம் கிட்டாதவிடத்து அதற்கு ஈடாக வழங்கப்படும் ஆறுதல் மட்டுமா என்னும் வினா எளிதில் எழுவதில்லை. எழுப்பிப் பார்ப்பின், இரையின் அறிவுக்கூர்மையைப் பாராட்டும் ஆரவாரத்தில் அதிகம் கவனிக்கப்படாது போன ஒன்று புலப்படும். வேட்டையாடுவோனின் மறதியே அது.

இம்மறதியை மிகத் தெளிவாகக் காட்டும் நவீன வடிவம் ஒரு கேலிச்சித்திரத் திரைப்படமாகும். 1949 ஆம் ஆண்டு, வோர்ணர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகச் சக் ஜோன்ஸ் இயக்க, மைக்கல் மோல்ரீஸ் கதை அமைக்க, பாலைநில வீதியில் விரைந்தோடும் ஒரு பறவையும், அதனைத் துரத்தும் கொயோட்டி என்னும் வட அமெரிக்க ஓநாயும் முதன்முதலாகத் திரையில் தோன்றின. கொயோட்டி பொறி வைக்கிறது. பொறியில் தானே அகப்படுகிறது. மலைமுகட்டிலிருந்து விழுகிறது, அடுத்த காட்சியில் உடலில் வடுவின்றி, உள்ளத்தில் நினைவின்றி, புதிய பொறியுடன் வந்து நிற்கிறது. தான் விரும்பிய கணத்தில் அது வேட்டையை நிறுத்திவிடலாம். வெறியே அதனை நிறுத்தவிடாது தடுக்கிறது என்று 1989 இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் ஜோன்ஸ் விளக்கினார். இதற்கு அவர் துணைகொண்டது தத்துவாசிரியர் ஜோர்ஜ் சந்தாயனாவின் கருத்தொன்றை. அடையவேண்டிய நோக்கத்தை மறந்தபின்னும் முயற்சியை இரட்டிப்பாக்குவதே வெறியின் இயல்பு என்பது அக்கருத்து. ஆகவே கொயோட்டி இருமுறை மறக்கிறது. தன் தோல்வியையும் மறக்கிறது. பசி என்னும் தொடக்கக் காரணத்தையும் மறக்கிறது.

இத்தகைய சித்திரங்கள் ஊவா மலைகளுக்கும் புதியன அல்ல. 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியில், டைட்டஸ் தொடவத்த சிங்களத்தில் குரலூட்டிய ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்னும் தொடரின் வழியே, அதே வோர்ணர் பிரதர்ஸ் கூடத்தில் பிறந்த பக்ஸ் பனி முயல் இலங்கையின் வீடுகளுக்குள் புகுந்தது. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களுக்கு மின்சாரமும் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தபின், லயத்துப் பிள்ளைகளும் அம்முயலோடு சேர்ந்து நகைத்தனர். பேச்சு வேறு மொழியில் இருந்தது. துப்பாக்கி ஏந்தியவனை வெறுங்கையன் ஏய்ப்பதன் சுவைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

திரைக்கு முந்திய கதையும் இம்மாகாணத்தாருக்கு அயலானது அன்று. விகாரைகளின் பண உரைகளில் சாதகக் கதைகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று வானரிந்த சாதகம். ஆற்றங்கரையில் வாழும் குரங்கொன்று நடுவாற்றுப் பாறையொன்றில் தாவி, அங்கிருந்து தீவுக்குச் சென்று கனி உண்டு, மாலையில் அவ்வழியே மீளும். அதன் நெஞ்சக்கனியை உண்ண விரும்பிய தன் துணையின் பொருட்டு முதலையொன்று அப்பாறைமீது படுத்துக் காத்திருக்கிறது. ஆற்றுநீர் ஏறவுமில்லை, வற்றவுமில்லை. பாறை மட்டும் உயர்ந்து தோன்றுகிறதே என்று குரங்கு ஐயுறுகிறது. ‘பாறையே!’ என்று அழைக்கிறது. மறுமொழி இல்லை. ‘நாள்தோறும் விடையிறுப்பாயே, இன்று ஏன் வாய்திறவாய்?’ என்னும் கருத்துப்பட மீண்டும் கேட்கிறது. பாறை பேசாது என்பதை மறந்த முதலை விடையிறுத்துவிடுகிறது. குரங்கு முதலையை வாய்திறக்கச் செய்து, வாய் திறந்ததும் அதன் கண் மூடிக்கொள்ளும் கணத்தில், அதன் தலையையே படியாக்கி மிதித்துக் கரை சேர்கிறது.

இக்கதையில் அறிவு என்பது வேறொன்றுமில்லை, நினைவுதான். நேற்றைய பாறையின் உயரத்தைக் குரங்கு நினைவில் வைத்திருந்தது. பாறையின் இயல்பையே முதலை மறந்திருந்தது. இறுதியில் முதலை குரங்கைப் புகழ்கிறது; வாய்மை முதலிய நான்கு குணங்கள் உடையவன் பகையை வெல்வான் என்கிறது. ஏமாற்றிப் பிழைத்த ஒன்றுக்கு வாய்மை எவ்வாறு குணமாகும் என்று வினவுவார்க்குப் பழைய உரை ஒரு விடை வைத்திருக்கிறது. ‘உன்னிடம் வருகிறேன்’ என்றது குரங்கு, சொன்னவாறே வந்தது. விடை நகைச்சுவையாகத் தோன்றலாம். எனினும் எளியோனின் தந்திரத்தைப் பொய் என்னும் பழியிலிருந்து மீட்க மரபு எவ்வளவு பாடுபட்டது என்பதற்கு அது சான்றாகும்.

மேனாட்டுத் தத்துவத்தில் இவ்வினாவை மிகக் கடுமையாக எதிர்கொண்டவர் இமானுவேல் கான்ற். கொலைகாரன் வாயிலில் நின்று, அவன் தேடிவந்த நண்பன் உள்ளே இருக்கின்றானா எனக் கேட்பினும் பொய் கூறுதல் ஆகாது என்று 1797 இல் அவர் வாதித்தார். அவர் மறுத்தது பெஞ்சமின் கொன்ஸ்ரன்றின் கருத்தை. உண்மையைப் பெறும் உரிமை உடையவனுக்கே உண்மை உரைக்கும் கடமை உண்டு என்பது கொன்ஸ்ரன்றின் நிலை. வள்ளுவரோ குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மைக்கும் வாய்மையின் இடத்தை அளிக்கத் தயங்கவில்லை. குரங்கு கான்ற்றின் நெறியைப் பின்பற்றியிருப்பின் முதலைக்கு இரையாகியிருக்கும். உண்மை என்பது இருவர்க்கிடையே உள்ள நம்பிக்கையின் கொடை. ஒருவன் மற்றவனை உணவாக மட்டும் கருதும்போது அந்நம்பிக்கையை முதலில் அறுத்தவன் அவனே. அதனால் தப்புதற்கு வேண்டிய அளவே செய்யப்படும் தந்திரம் அறத்திற்கு மாறானதன்று எனத் துணியலாம்.

இரையின் தந்திரத்தை இவ்வாறு அறத்தின் முன் நிறுத்தி விசாரிப்போர், வேட்டையாடுவோனின் மறதியை அவ்வாறு விசாரிப்பதில்லை. அது ஒரு பேதைமை, நகைப்பிற்குரிய குறைபாடு என்ற அளவில் விட்டுவிடுகின்றனர். கொயோட்டி ஏன் மறக்கிறது? மறந்தாலும் அதற்கு உயிர் போவதில்லை. எத்தனை முறை விழுந்தாலும் அடுத்த காட்சியில் அது எழுந்து நிற்கும். பறவையோ ஒருமுறை தவறினால் தொடரே முடிந்துவிடும். தவறின் விலை எவன் தலையில் விழுகிறதோ அவன் நினைவில் வைத்திருக்கிறான். விலை கொடுக்கத் தேவையற்றவன் மறக்கிறான். மறதி இங்கு அறிவின் குறை எனப்படுவதிலும் வலிமையின் சலுகை எனப்படுதலே பொருந்தும்.

ஊவாத் தோட்டங்களின் வரலாறு இதற்கு நல்ல உரைகல். கொழுந்து நிறுக்கும் வேளையில் தன் கூடையின் நிறையை நாளுக்கு மூன்றுமுறை மனத்தில் பதித்துக்கொள்பவள் கொழுந்தெடுக்கும் பெண். கணக்கேட்டில் ஒரு நிறை விடுபட்டால் ஏடு எழுதுபவருக்கு அது மறதி; அவளுக்கோ முழுப்பேர் அரைப்பேராகிவிடும். எழுத்தறியாத காலத்திலும் அவள் மனக்கணக்கு பிசகாதிருந்ததற்குக் காரணம் இயல்பான நினைவாற்றல் அன்று, தேவை.

அதிகாரம் எல்லாவற்றையும் மறப்பதில்லை என்பதும் இவ்வரலாற்றிலேயே தெளிவாகிறது. தொழிலாளியின் கடனைக் குறித்து, அது தீராவிடின் வேறு தோட்டத்தில் வேலை கிட்டாதபடி செய்த ‘துண்டு’ முறை 1921 இல் ஒழிக்கப்படும்வரை நிலவியது. கங்காணியிடம் பட்ட கடன் நாட்டைச் சுற்றி எங்கும் அவனைத் துரத்தியது. தனக்கு வரவேண்டியதை நினைவில் வைத்துத் தான் கொடுக்கவேண்டியதை மறப்பதே வலிமையின் வழக்கம்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர்; இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், திருமணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் 1946 தொடக்கத்திற்கு முன் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. இருப்புப்பாதை பதுளையை அடைந்தது 1924 இல். அதற்கும் முன்பிருந்தே இம்மலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள், தாம் இங்கு வாழ்ந்ததைத் தாளில் காட்டவேண்டியவராயினர். மறந்தது அரசு, நினைவுறுத்தும் சுமை விழுந்ததோ எழுதிவைக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தவர்கள்மீது. பிறப்புச் சான்றிதழும் பழைய சீட்டுகளும் தகரப்பெட்டியில் பொன்போல் காக்கப்பட்டதன் பொருள் இதுவே. 1964 இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 975,000 மக்களை 525,000, 300,000, 150,000 எனக் கூறுபோட்டது. எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். நாடற்றோரின் வினாவைத் தீர்க்கும் சட்டங்கள் 1988 இலும் 2003 இலும் வந்தன. முதற் சட்டத்திற்கும் இறுதிச் சட்டத்திற்கும் இடையே 55 ஆண்டுகள் கழிந்தன.

சந்தாயனாவின் இன்னொரு கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. வெறியின் இலக்கணத்தைக் கூறிய அதே 1905 ஆம் ஆண்டு நூலில், கடந்தகாலத்தை நினைவிற் கொள்ளாதோர் அதனைத் திரும்பவும் வாழ நேரும் என்றும் அவர் கூறினார். கேலிச்சித்திரத்தில் இது அப்படியே நிகழ்கிறது. மறந்த கொயோட்டியே மீண்டும் விழுகிறது. ஆதலால் அது நீதியாகவும் நகைச்சுவையாகவும் அமைகிறது. தோட்டத்திலோ மறப்பவன் ஒருவன், மீண்டும் விழுபவன் வேறொருவன். நினைவு தவறாதவளே அதே இழப்பை மீண்டும் ஏற்கிறாள். சந்தாயனாவின் வாக்கியம் ஒருவனையே எண்ணி எழுந்தது. இருவர் இருக்குமிடத்தில், அவருள் ஒருவர் மற்றவர்மேல் அதிகாரம் உடையவராக இருக்குமிடத்தில், அதற்குத் திருத்தம் வேண்டும்.

எளியோரும் மறதியை ஆயுதமாக்கியதுண்டு. ‘மறந்து போச்சுங்க ஐயா’ என்று தலைசொறிந்து நிற்பவன் உண்மையில் எதையும் மறந்தவன் அல்லன். மலேசிய நெல்வயற் கிராமமொன்றை ஆராய்ந்து ஜேம்ஸ் ஸ்கொட் 1985 இல் வெளியிட்ட நூல், மெத்தனமும் பாசாங்கும் பொய்யான அறியாமையும் எளியோரின் ஆயுதங்கள் எனக் காட்டியது. அவற்றை இழிவாக எண்ணுதல் அறிவுடைமை ஆகாது. எனினும் அவ்வாயுதங்களின் எல்லையை அறிதலும் வேண்டும். குரங்கு அன்று பிழைத்தது. முதலை ஆற்றிலேயே இருக்கிறது. பறவை தப்பியது, அடுத்த படத்தில் அதே கொயோட்டி அதே வீதியில் நிற்கிறது. வேட்டையாடுவோன் எதையும் கற்றுக்கொள்ளாதவரை இரையின் வெற்றி ஒருநாள் வெற்றியே. அதனை அளவுக்கு மீறிக் கொண்டாடுவோர், எளியோனுக்குச் சாமர்த்தியம் இருக்க உரிமை எதற்கு என்று கேட்பாருக்கு அறியாமலே துணைபோகின்றனர்.

தந்திரம் முற்றிலும் பயனற்றுப்போகும் இடமும் ஒன்றுண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை தோட்டத்து லயங்கள்மீது மலை சரிந்தது. அவ்விடம் வாழத்தக்கதன்று எனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மலை வேட்டையாடும் விலங்கு அன்று. அதனை ஏய்க்க வழியில்லை. பிழைப்பை விட்டு வேறிடம் போக நிலமும் இல்லாதார்க்கு அபாயம் தெரிந்திருப்பதால் மட்டும் பயன் விளையாது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது; எழுதியதை நினைவில் வைத்து உரிய காலத்தில் செயலாக்கும் பொறுப்பே உறங்கியது. துரத்துவோனின் மறதியால் இரை பிழைக்கக்கூடும். காக்கவேண்டியவனின் மறதியால் எவரும் பிழைப்பதில்லை. இவ்விடத்தில் கேலிச்சித்திரம் நின்றுவிடுகிறது, நகைப்பும் நின்றுவிடுகிறது.

ஆதலின் நினைவு என்பது தனிமனிதனின் மூளைத்திறன் சார்ந்த செய்தி மட்டுமன்று. அது ஓர் அறக்கடமை. அக்கடமை அதிகாரத்தின் அளவுக்கு ஏற்ப வளரவேண்டும். பிறர் வாழ்வைத் தன் ஏட்டில் எழுதுபவன், எழுதப்படுபவரைவிட மிகுதியாக நினைவு கொள்ளக் கடமைப்பட்டவன். சட்டம், பதிவேடு, தொழிற்சங்க உடன்படிக்கை, வரலாற்று நூல் ஆகிய யாவும் மறக்க விரும்பும் வலிமையை மறக்கவிடாது தடுக்க மனிதர் கண்ட கருவிகளே. அவை உறுதியாக நிற்கும் சமுதாயத்தில் எளியோன் தந்திரசாலியாக இருக்கலாம். இருந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இராது.

குரங்கின் நினைவாற்றல் போற்றத்தக்கது. பாறையின் உயரத்தை அது மறந்திருப்பின் கதையே இராது. ஆயினும் ஒவ்வொரு மாலையும் பாறையை அளந்து பார்த்தே வீடு திரும்பவேண்டிய வாழ்வை எவரும் நல்வாழ்வு என்னார். கதையைக் கேட்டு நகைப்பது தவறன்று. நகைத்து முடித்தபின், முதலை இன்னும் எந்தப் பாறையில் கிடக்கிறது எனக் கேட்பதே கற்றார்க்கு அழகு.