பிரசங்க பீடமும் ஸ்திரீகளும்

சபையில் ஸ்திரீகள் பிரசங்கிக்கலாமா, சபையை நடத்தும் பொறுப்பை அவர்களிடம் ஒப்புவிக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து, ஸ்திரீகள் சபையில் மௌனமாயிருக்க வேண்டுமென்று அங்கே சொல்லியிருப்பதைச் சுட்டிக்காட்டி, வாதத்தை அத்துடன் முடித்துவிடுவோர் பலர். அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் ஜெபம் பண்ணுகிற பெண்ணும், தீர்க்கதரிசனம் உரைக்கிற பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டுமென்று அதே அப்போஸ்தலர் விதிப்பதை அவர்கள் ஏனோ நினைப்பதில்லை. சபை நடுவில் வாய் திறக்கவே கூடாத ஒருத்திக்கு முக்காட்டு விதி எதற்கு? 14-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் மௌனமாயிருக்கும்படியான கட்டளை அங்கே மூன்று முறை வருவது புலப்படும்: அந்நிய பாஷை பேசுகிறவன் அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் அடங்கியிருக்க வேண்டும், ஒருவன் தீர்க்கதரிசனம் உரைக்கையில் மற்றொருவனுக்கு வெளிப்பாடு உண்டானால் முந்தினவன் பேச்சை நிறுத்த வேண்டும், மூன்றாவதாகத்தான் ஸ்திரீகளைப் பற்றிய வார்த்தை. ஒரே சமயத்தில் பலர் பேசி ஆராதனை குழம்பிப்போன ஒரு சபைக்கு ஒழுங்கு கற்பிக்கும் அதிகாரம் அது. முதலிரண்டு கட்டளைகளையும் சந்தர்ப்பத்தோடு சேர்த்துப் பார்க்கிற நாம், மூன்றாவதை மட்டும் சர்வகாலத்துக்குமான சாசனமாக்கியது நியாயமாக எனக்குப் படவில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பெண் உபதேசம் பண்ணுவதற்குத் தடை இருப்பது மெய்யே; அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும்படி பவுல் கேட்டுக்கொள்வதும், பிரிஸ்கில்லாளை அவள் கணவன் ஆக்கில்லாவுக்கு முன்னே பெயர் சொல்லி வாழ்த்துவதும் வேதத்தில்தான் இருக்கின்றன. அந்தத் தம்பதிகள் அலெக்சந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ என்ற சாதுரியப் பேச்சாளனைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, அவன் அறிந்ததைவிடத் திருத்தமாகத் தேவ மார்க்கத்தை அவனுக்கு விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லுகிறது. இயேசு உயிர்த்தெழுந்த செய்தியை முதன்முதல் சீஷர்களிடம் கொண்டுபோனவர்களோ ஸ்திரீகள். அவர்கள் சொன்னது வீண்பேச்சாகக் கருதப்பட்டது என்பதையும் லூக்கா ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

நம் தேசத்துக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாற்றைத் தொடங்குகிற எவரும் பாளையங்கோட்டைக் குளோரிந்தா அம்மையாரிடத்திலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவையான அவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்து, அவர் மூலமாகவே கிறிஸ்து மார்க்கத்தை அறிந்து, ஞானஸ்நானம் வேண்டுமென்று மிஷனெரியாகிய சுவார்ட்ஸ் ஐயரை அணுகியபோது, விவாகமின்றி வாழும் ஒருத்திக்கு அதை அளிக்க இயலாதென்று ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி காலமான பின்பும் அம்மையாரின் விருப்பம் மாறவில்லை. 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே சுவார்ட்ஸ் ஐயரே அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் அந்தச் சபையின் அங்கத்தினர்களைப் பதிவு செய்தபோது தொகை நாற்பது. அந்த ஜாபிதாவின் தலையில் நிற்கும் பெயர் குளோரிந்தா. 1785-இல் அவர் முயற்சியால் எழுந்து பிரதிஷ்டையான ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் அழைத்தார்கள். அது இன்றும் நிற்கிறது. ஜனங்களைச் சேர்த்தவரும், ஆலயம் எழுப்பியவரும், சபை வேரூன்றும் வரை அதைத் தாங்கியவரும் ஒரு ஸ்திரீயாக இருக்க, ஒழுங்குமுறைப்படி குருத்துவத்துக்கு அபிஷேகம் பெற்று அங்கே அனுப்பப்பட்டவர் உபதேசியாராயிருந்த சத்தியநாதன். அவர் உத்தமமான ஊழியர் என்பதில் ஐயமில்லை. ஆனால் சபை பிறந்த பின்னரே பட்டம் வந்தது என்பதும், பட்டம் இல்லாமலே ஒரு ஸ்திரீ அதைப் பிறப்பித்தார் என்பதும் சிந்திக்கத்தக்கவை.

இதே உண்மை வேறொரு தேசத்திலும் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்த பிறகு, அகதிகள் நிறைந்த மக்காவுக்குக் குருவானவர் எவரும் போய்வர முடியவில்லை. அங்கே சபையைக் கவனித்து வந்த லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண்மணிக்கு, ஜனங்கள் நற்கருணையின்றித் தவிக்கலாகாதென்று ஹால் பேராயர் 1944 ஜனவரி 25-ஆம் தேதி குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் சபையில் அதற்குமுன் எந்த ஸ்திரீயும் பெறாத பட்டம் அது. யுத்தம் ஓய்ந்ததும் மேலிடத்தின் ஆட்சேபம் கிளம்பிற்று. பேராயருக்குச் சங்கடம் வேண்டாமென்று 1946-இல் அம்மையார் பணி செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்தார், பெற்ற பட்டத்தையோ துறக்கவில்லை. ஆபத்துக் காலத்தில் தகுதியாயிருந்த கைகள் சமாதான காலத்தில் தகுதி இழந்தன என்று சொல்வதற்கு எந்த வேத ஆதாரமும் இல்லை.

தென்னிந்தியத் திருச்சபை பின்னர் ஸ்திரீகளுக்குக் குருப்பட்டம் அளிக்க முன்வந்து, 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயராக அபிஷேகம் செய்தது. கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு இணங்கவில்லை. ஸ்திரீகளுக்குக் குருத்துவம் அளிக்கும் அதிகாரம் சபைக்கே இல்லையென்று 1994-இல் இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர் அறிவித்தபோது, கிறிஸ்து தெரிந்துகொண்ட பன்னிருவரும் ஆண்களாயிருந்ததைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டினார். மறுப்போர் சொல்லும் காரணங்களில் கனமானது இதுவே. ஆனால் அந்தப் பன்னிருவரும் யூதர்களாகவும் இருந்தார்கள். யூதரல்லாத சத்தியநாதனுக்குத் தஞ்சையில் 1790-இல் குருப்பட்டம் அளித்தவர்களுக்கு அது ஒரு தடையாகத் தோன்றவில்லை. பன்னிருவரின் குலத்தைக் கட்டாயமாக்காத திருச்சபை, அவர்கள் ஆண்களாயிருந்ததை மட்டும் கட்டாயமாக்குவதற்குத் தக்க காரணத்தை வேதத்திலிருந்து எடுத்துக் காட்டவேண்டிய பொறுப்பு மறுப்போரையே சார்ந்தது.