வேலில் கட்டிய வேம்பு

இலக்கியம் முன்னதா, இலக்கணம் முன்னதா என்னும் வினாவிற்கு இலக்கியமே என்று நம் முன்னோர் விடை கூறிவிட்டனர். எனினும் பாட்டினின்று பிறந்த விதி, பின்னர்ப் பாட்டையே ஆளலாமா என்பது தீராத வினாவாகவே நிற்கிறது. இதனை எண்ணுந்தோறும் நெடுநல்வாடையே என் நினைவிற்கு வரும்.

நக்கீரர் பாடிய இப்பாட்டு 188 அடிகளை உடையது. வாடை வீசும் நள்ளிரவில் அரசி அரண்மனைக் கட்டிலில் துயிலாது கிடக்கிறாள். அரசனோ பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு வருகிறான். இருவர்க்கும் பெயர் கூறப்படவில்லை. படிப்போர் இதனை அகப்பாட்டு என்றே கொள்வர். ஆயின், அரசனுக்கு முன் செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்கு உரியது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. வேம்பு பாண்டியனைச் சுட்டிவிட்டமையால் இது புறப்பாட்டே என்று துணிந்தார் நச்சினார்க்கினியர். 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அவருரையோடு பதிப்பித்தபோது, பாட்டும் தீர்ப்பும் ஒருங்கே நம் கைக்கு வந்தன.

கோலார் தங்கவயலில் பிறந்தவன் யான். 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை தந்தையார் நிலத்தடியில் உழைத்தவர். அவர் இரவு ஷிப்டில் இறங்கிய நாள்களில், ஆழத்தே பாறை வெடித்து எங்கள் லைன் வீடு அதிரும். அன்னையார் விளக்கை அணைக்காமல், காலைச் சங்கு ஊதும்வரை திண்ணையில் அமர்ந்திருப்பார். மார்கழிக் குளிரும் அவருக்கு ஒரு பொருட்டன்று. அவர் அச்சத்தை அகம் என்றும் தந்தையார் தொழிலைப் புறம் என்றும் பிரிப்பது எங்ஙனம்? இரண்டையும் அசைத்தது ஒரே பாறையன்றோ!

ஆயினும் உரையாசிரியரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. உரையைக் காணுமுன் இப்பாட்டைப் பன்முறை படித்தும் அவ்வேம்பை யான் கண்டதில்லை. அதனைக் காணும் கண்ணை அவருக்குத் தந்தது அவ்விதியே. கண்டபின், மரபறிந்த புலவர் பெயரை மறைத்து வேம்பை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று அவர் வினவியிருக்கலாம். விதியைக் கொண்டு வழக்கை முடித்துவிட்டார். மனைவியின் துயரும் மன்னனின் கடமையும் ஒரே இரவில் எதிரெதிர் நிற்கவேண்டும் என்றே புலவர் அவ்வாறு செய்தார் என்பது என் துணிபு. அங்கே விரிந்திருக்க வேண்டியது விதியே.

ஒருநாள் இப்பாட்டின் பொருளை அன்னையாருக்குச் சொன்னேன். அகமா புறமா என்று அவர் கேட்கவில்லை. "அந்த ராசா வீடு திரும்பினாராப்பா?" என்றார். பாட்டில் அதற்கு விடையில்லை.