எண்ணும் உண்டியும்

உடம்பு உயிர்க்கு இறைவன் அருளிய கருவி என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அக்கருவியைப் பேணுதல் கடமையாயின், உடற்பருமனால் நலிவார் தாம் உண்பனவற்றின் கலோரியை நாடோறும் எண்ணுதல் வேண்டுமோ என்னும் வினா இந்நாளிற் பெரிதும் வழங்குதலின், அஃது ஈண்டு ஆராயப்படும்.

கலோரியென்பது உணவு தரும் ஆற்றலின் அளவு. அமெரிக்க அறிஞர் ஆட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த நெறிப்படி, மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 எனவும், கொழுப்பு 9 எனவும் கணிக்கப்படும். நம் நாட்டு உணவுகளின் ஊட்ட அளவுகளைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தார் 1937இல் நூலாக வெளியிட்டனர். அந்நாளிற் குறையுண்டியால் மெலிந்தாரைப் பேணுதற்கு உதவிய எண்ணே இந்நாளில் மிகையுண்டியைத் தடுத்தற்கும் கொள்ளப்படுகின்றது.

எண்ணுதல் வேண்டும் என்பார், பெறும் ஆற்றல் செலவினும் மிகின் எஞ்சியது கொழுப்பாய்த் தங்கும் என்பர். இது மறுக்கற்பாலதன்று. வேண்டா என்பார், எண் ஒன்றாயினும் உணவு ஒன்றன்று என்பர். வாதுமைப் பருப்பினின்று உடம்பு பெறும் ஆற்றல் கணக்கினும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைவென 2012இல் கண்டனர். 2019இல் அமெரிக்காவில் 20 பேரை வேண்டுமளவு உண்ணவிட்டு ஆராய்ந்தபொழுது, ஆலைப்பண்டம் உண்ட நாட்களில் அவர் ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். இதுவும் மறுக்கற்பாலதன்று.

இவ்விரண்டும் யாங்ஙனம் பொருந்துமெனின், சிவஞான சித்தியார் அளவை கூறும் முறையால் விளங்கும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் கலோரிக் கணக்குக் கருதலின்பாற்படும். பசியும் நிறைவும் தன்வேதனைக் காட்சி. திருவரங்கத்துத் திருக்கோயிலில் 2012 முதல் நாள்முழுதும் நிகழும் அன்னதானத்தில், பட்டினியால் வாடிய தொழிலாளியும் முன்னரே வயிறார உண்ட யாத்திரிகரும் அருகருகே அமர்தல் கூடும். இலையிலுள்ள சோற்றின் எண் ஒன்றே. ஒருவர்க்கு அஃது அமிழ்தம், மற்றொருவர்க்குச் சுமை. இவ்வேறுபாட்டை எண் அறியாது, வயிறு அறியும்.

அற்றேல், வயிறு அறியுமாயின் மிகவுண்டு நோயுறுவாரும் உளரே எனின், காட்சியும் ஐயந்திரிபுகளால் மயங்கும் என்க. சிராப்பள்ளி மலைப்படி ஏறி இறங்கியவர், உழைத்தோம் என்னும் துணிவாற் பெரிய கடைவீதியில் இனிப்பை வாங்கியுண்பாராயின், ஏற்றத்தாற் கழிந்ததினும் மிகுதி உடம்பிற் சேரும். ஆண்டு அம்மயக்கத்தை நீக்குவது எண். ஆதலின் காட்சி மயங்கியவழி எண்ணைத் துணைக்கொண்டு, தெளிந்தபின் விடுதல் முறை. விடாது பற்றின், உண்ணும் பொழுதெல்லாம் அச்சமே விளையும். இறைவன் திருமுன் படைத்த அமுதும் வெறுங் கணக்காய் முடியும்.

இன்னும் ஒன்றுண்டு. பருத்த உடம்பினரைக் கண்டவுடன் 'இவர் அளவின்றி உண்டார்' என இகழ்வார் பலர். பருமனுக்குப் பிறப்பின் வழிவந்த இயல்பும், உட்கொள்ளும் மருந்தும், உறக்கக் குறைவும், நல்லுணவு வாங்க இயலாத வறுமையும் காரணமாதலுண்டு. தன் இலையின் கணக்கையே ஒருவன் முற்றும் அறியான். பிறர் உடம்பைக் கண்டு அவர் ஒழுக்கத்தைக் கணக்கிடுதல் யாங்ஙனம்? அக்கணக்கு முற்றுணர்வுடைய முதல்வன் ஒருவனுக்கே உரியது. அடியார்க்கு உரியது தம் நாவை அடக்குதல். உண்ணும்பொழுதும், பிறரைப் பேசும்பொழுதும்.