ஓர் எழுத்துத்தானே!

பெரிய தவறுகளுக்கு அஞ்சுகிற மனிதன், சிறிய தவறுகளை விருந்தாளிகளைப் போல் உள்ளே விட்டுவிடுகிறான். நாளடைவில் அவை வீட்டிற்கே சொந்தம் கொண்டாடத் தொடங்குகின்றன. ஆன்மிக சாதகர்கள் இந்த உண்மையைக் கணிப்பொறித் துறையிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

1962 ஜூலை 22 அன்று அமெரிக்கா, வெள்ளிக் கிரகத்தை நோக்கி 'மாரினர்-1' என்ற விண்கலத்தைச் செலுத்தியது. ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. ராக்கெட் பாதை தவறியது. ஆபத்தைத் தவிர்க்க அதை வானிலேயே அழிக்க வேண்டியதாயிற்று. கருவி ஒன்றின் கோளாறும், கணிப்பொறிக்குத் தந்த கட்டளைகளில் ஒரு சிறு கோடு விடுபட்டதும் சேர்ந்தே அந்த இழப்பை விளைவித்தன. கோடு போட ஒரு நொடி போதும். அது இல்லாததால் பலருடைய உழைப்பு வீணாயிற்று.

பிழையே விதியானால்...

எல்லாப் பிழைகளும் இவ்வாறு உடனே தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. ஓசையின்றித் தங்கிவிடுபவையும் உண்டு.

இணையத்தில் ஒருவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதைத் தெரிவிக்க 'ரெஃபரர்' என்ற சொல் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லில் 'ஆர்' என்னும் எழுத்து நான்கு முறை வர வேண்டும். 1990-களில் விதிமுறைகளை வகுத்தபோது மூன்று முறையே எழுதப்பட்டது. 1996-இல் வெளிவந்த விதிமுறை ஏட்டிலும் அப்படியே இடம்பெற்றது. இன்று அதைத் திருத்தினால், அதை நம்பி இயங்கும் எண்ணற்ற மென்பொருள்கள் தடுமாறும். பின்னாளில் வந்த வேறொரு கட்டளையில் அதே சொல் சரியாக எழுதப்பட்டது. ஆகவே நிரல் எழுதுவோர் சரியானதையும் பிழையானதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டியுள்ளது!

மனத்தின் இயல்பும் இதுவே. முதல் நாள் சொன்ன சிறு பொய்யை அன்றே ஒரு சொல்லால் திருத்திவிடலாம். திருத்தாமல் விட்டால் அது பழக்கமாகிறது. பழக்கம் சம்ஸ்காரமாக இறுகுகிறது. அதன்மீது வாழ்க்கையையே கட்டிய பிறகு, அதை அசைத்தால் கட்டடமே ஆடுகிறது.

சுட்டிக்காட்டுபவருக்கு நன்றி

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன? கணிப்பொறி அறிஞர் டொனால்ட் கனூத்தின் வாழ்க்கை வழிகாட்டுகிறது. தமது நூல்களில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் பரிசு என்று அவர் அறிவித்தார். அச்சுப்பிழைக்கும் அந்தப் பரிசு உண்டு. 'டெக்' என்ற மென்பொருளை உருவாக்கியபோது, 1978 முதல் தாம் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து, 1989-இல் வெளியிட்டார். அவற்றை 15 வகைகளாகப் பிரித்தார். அற்பமான எழுத்துப் பிழைக்கும் அவற்றுள் ஓரிடம் தந்தார்.

உலகம் போற்றும் அறிஞர் தம் பிழைகளை மறைக்கவில்லை. சுட்டிக்காட்டியவரிடம் சினம் கொள்ளவுமில்லை, நன்றி கூறினார். நாமோ நமது குறையைச் சொல்பவரைக் 'குற்றம் காண்பதே இவர் தொழில்' என்று ஒதுக்குகிறோம்.

தான் செய்த வேலையை மீண்டும் ஒருமுறை பார்த்து, யாரும் கவனிக்காத ஓர் எழுத்தைத் திருத்துபவனுக்குப் பாராட்டு கிடைப்பதில்லை. நேரவிருந்த விபத்து நேராமலே போய்விடுவதால் அவனது உழைப்பை உலகம் அறிவதுமில்லை. பலனை எதிர்பாராத செயல் என்று சான்றோர் கூறுவது இதைத்தான். அந்தச் சிரத்தையே வேலையை வழிபாடாக்குகிறது.

இன்றிரவு உறங்குமுன் அன்றைய நாளை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். திருத்த வேண்டிய ஓர் எழுத்து கண்ணில் பட்டால், அதை நாளைக்கென்று ஒத்திவைக்க வேண்டாம். பிழை சிறியதாக இருக்கும்போதே திருத்திவிடுவோம்.