தனியாவர்த்தனம்

“பாடமாக்கியதை மறந்தால்தானே, சேர், சுயமாக வாசிக்கலாம்?” கிற்றார் பழகும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்.

அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியை (1933-1975) எண்ணினேன். எழுதிவைக்காத சொற்கட்டுகளை அக்கணமே படைத்தவர் அவர்; எவ்வளவு தூரம் சென்றாலும் தாளத்தின் பிடி நழுவாது. அச்சுதந்திரம் இடையறாத சாதகத்தின் கனி.

எனினும் சாதகம் மட்டும் போதாது. தனியாவர்த்தனத்தில் நாதஸ்வரம் ஓய்ந்து தவிலுக்கு இடம் விடுகிறது. விதியைக் கற்பித்த மரபே, ‘இனி உன் முறை’ என்கிறது. மேடையில் அளித்த அந்த இடத்தை ஊர்ச்சபையில் அக்கலைஞர்களுக்கு அளிக்க நமது சாதிச் சமூகம் மறுத்தது.

நான் மட்டும் என்ன செய்கிறேன்? விடைகளை மனனஞ் செய்வித்துப் புள்ளியிடுகிறேன். மாணவனின் முறை வருவதேயில்லை. இடம் விடாத பயிற்சி கல்வியாகுமா? ஆசிரிய நண்பர்களே, நாளைய வகுப்பில் நாமும் சற்று ஓய்ந்திருக்கக் கற்போமா?